பச்சிளம் குழந்தையின் ஈறில் கட்டி: அது என்ன, எப்போது கவலைப்பட வேண்டும்?

பெரும்பாலும் குளிப்பாட்டும் பாட்டிதான் முதலில் பார்க்கிறார். குழந்தை வீறிட்டு அழும்போது, திறந்த வாயில் ஈறின் மேல் வெள்ளையாகவோ நீலமாகவோ ஏதோ தெரிகிறது. அரை மணி நேரத்துக்குள் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிவிடுவார்கள்: பல், கொப்புளம், சீழ், கட்டி. செல்போனில் தேடினால் பேச்சு புற்றுநோய் வரை போய்விடும். பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத அம்மா அன்றிரவு தூங்கமாட்டார்.

குழந்தைகளின் பற்களைப் பார்க்கும் மருத்துவராக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் ஈறில் தோன்றுபவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. அவற்றிலும் பலவற்றுக்கு மருந்தே வேண்டாம், தானாகப் போய்விடும். சிலவற்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். மிகச் சிலவற்றுக்கு மட்டும் அதைச் சீக்கிரமே செய்தாக வேண்டும். எதை எதிலிருந்து பிரித்துப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

எதற்கும் முன்னால்: மூச்சும் பாலும்

கட்டியைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைப் பாருங்கள். கட்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு விகாரமாகத் தெரிகிறது என்பதை வைத்து அவசரத்தை முடிவு செய்ய முடியாது. கடுகளவு பல் ஒன்று ஆட்டம் கண்டிருந்தால் அது ஆபத்து. வாய்க்கு வெளியே தொங்கும் பெரிய கட்டியோடு குழந்தை நிம்மதியாகப் பால் குடித்துக்கொண்டும் இருக்கலாம்.

மூச்சு: குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்குவது, மூக்குத் துவாரம் விரிவது, முனகல், உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, இதில் எது இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பால்: முதல் வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்த எடையில் ஓரளவு குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வந்துவிட வேண்டும். காம்பைப் பிடித்துப் பிடித்து விடுகிறது, நாலு வாய் குடித்துவிட்டு அழுகிறது, குடிக்கும்போது புரையேறுகிறது, எந்நேரமும் சோர்ந்து தூங்குகிறது என்றால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. நிதானமாகப் பார்க்கலாம்.

வாயைப் பார்க்கும் விதம்

தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் மருத்துவமனையில் செய்கிற முறை வீட்டிலும் சுலபம். இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே, முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்காருங்கள். குழந்தையின் கால் அம்மா பக்கம், தலை மற்றவரின் மடியில். அம்மா குழந்தையின் கைகளை மென்மையாகப் பிடித்துக்கொள்கிறார். தலைமாட்டில் இருப்பவர் மேலிருந்து பார்க்கிறார். செல்போன் டார்ச்சை மூன்றாவது ஆள் பிடிக்கலாம். வெளிச்சம் கண்ணில் படாமல் வாயில் மட்டும் விழட்டும்.

நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய கையின் ஆள்காட்டி விரலால் மேல் உதட்டை மெதுவாகத் தூக்குங்கள், அப்புறம் கீழ் உதட்டை இறக்குங்கள். ஈறின் வெளிப்பக்கம், உச்சி, உள்பக்கம் மூன்றும் தெரிய வேண்டும். கடைசியாக மேலண்ணத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். குழந்தை அழுதால் அழட்டும், அழும்போதுதான் வாய் நன்றாகத் திறக்கும்.

கவனிக்க வேண்டியவை: எந்த இடம், என்ன நிறம், அடிப்பகுதி அகலமா அல்லது காம்பு மாதிரி ஒடுங்கியதா, கெட்டியா மெத்தென்றா. கொதிக்க வைத்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியை விரலில் சுற்றி ஒரே ஒரு தடவை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். வழித்துக்கொண்டு வந்தால் அது பால் ஆடை, கட்டியே இல்லை. பிறகு ஒரு போட்டோ. தேதி தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டால், ஒரு வாரம் கழித்து எடுக்கும் போட்டோவோடு ஒப்பிடும்போது வளர்கிறதா இல்லையா என்பதில் வாக்குவாதமே வராது. மருத்துவருக்கு இதைவிட உதவியான தகவல் குறைவு.

அழுத்திப் பிதுக்குவது, ஊசியால் குத்துவது, நகத்தால் கீறுவது எதுவும் வேண்டாம். என்னவென்று தெரியாத ஒன்றை உடைத்துவிட்டால், அடுத்து பார்க்கும் மருத்துவருக்குப் புண்தான் தெரியும்.

பிறந்த சில நாளில் வெள்ளை முத்து மாதிரி, ஒன்றோ பலவோ

இதுதான் மிக அதிகமாக வரும் கேள்வி. வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ, 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில், உருண்டையாக, கெட்டியாக இருக்கும். துடைத்தால் வராது. தொட்டால் குழந்தைக்கு வலிப்பதில்லை.

இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். மேலண்ணத்தின் நடுக்கோட்டில் இருந்தால் அவை எப்ஸ்டீன் முத்துகள். பிராக் நகரக் குழந்தை மருத்துவர் அலாய்ஸ் எப்ஸ்டீன் 1880-இல் விவரித்தவை. கருவில் அண்ணத்தின் இரண்டு பாதிகளும் நடுவில் வந்து சேரும்போது மேல்தோல் செல்கள் கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொள்கின்றன, அதுதான் முத்தாகத் தெரிகிறது. ஈறின் வெளிப்பக்கத்திலோ உள்பக்கத்திலோ இருந்தால் போன் முடிச்சுகள். இவற்றைப் பற்றி ஹைன்ரிஷ் போன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1866-லேயே எழுதிவிட்டார். ஈறின் உச்சியிலேயே, பல் முளைக்க வேண்டிய வரிசையில் இருந்தால் அவை பல் உருவாகும் திசுவின் மிச்சத்திலிருந்து வந்தவை. டென்டல் லாமினா சிஸ்ட் என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவினை முக்கியமில்லை. மூன்றுக்குள்ளும் இருப்பது கெரட்டின் என்கிற, தோலிலும் நகத்திலும் இருக்கிற புரதம்தான். சீழ் இல்லை. பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அண்ணத்திலோ ஈறிலோ இவை இருக்கின்றன. வாயைத் தூக்கிப் பார்க்காததால் பல வீடுகளில் தெரியாமலே போய்விடுகிறது. சில வாரங்களில், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்குள், மேல்தோல் தானாகத் திறந்து உள்ளே இருப்பது உதிர்ந்துவிடும். பல் முளைப்பதை இவை தடுப்பதில்லை.

சிகிச்சை: எதுவும் இல்லை. எதையும் தடவ வேண்டாம். தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கலாம். ஈறில் ஒரு சொட்டுத் தடவினாலும் அது வயிற்றுக்குத்தான் போகிறது. வசம்பு உரசித் தேய்ப்பது, கல் உப்பு வைத்துத் தேய்ப்பது எல்லாம் ஈறைப் புண்ணாக்கும். பாட்டி அக்கறையோடுதான் செய்கிறார், அதனால் சண்டை வேண்டாம். "டாக்டர் மூணு மாசம் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்" என்று என் பெயரில் பழியைப் போட்டுவிடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது வாய் வெண்புண். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மாவு பூசிய மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். துடைத்தால் சுலபத்தில் வராது, அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்து ரத்தம் கசியும். அது பூஞ்சைத் தொற்று. நிஸ்டாடின் அல்லது க்ளோட்ரிமசோல் மருந்தை மருத்துவர் தருவார். அம்மாவின் மார்பிலும் தொற்று இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

மூன்று மாதம் தாண்டியும் முத்து அப்படியே இருந்தாலோ, சிவந்து வீங்கினாலோ, வளர்ந்தாலோ காட்டுங்கள்.

பிறக்கும்போதே, அல்லது முதல் மாதத்திலேயே, பல் மாதிரி

தொட்டால் கூரான விளிம்பு தெரிகிறது, நகத்தால் லேசாகத் தட்டினால் கட்டென்று இருக்கிறது, கீழ்த்தாடையின் முன்பக்கம் இருக்கிறது: அது பல்தான். சுமார் 2000 முதல் 3000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது நடக்கிறது. பெரும்பாலும் கீழ் முன்பற்கள்.

பல்லோடு பிறந்த குழந்தை தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்தே பல்லைப் பிடுங்கச் சொல்லி வருகிறார்கள். இந்தப் பற்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கூடுதலாக முளைத்த பல் இல்லை, குழந்தையின் சொந்தப் பால்பல்தான், கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. பிடுங்கினால் அந்த இடத்தில் ஆறு ஏழு வயதில் நிரந்தரப் பல் வரும்வரை வேறு பல் வராது. யாருடைய தாய்மாமனுக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. குழந்தைக்குத்தான் பல் போகிறது.

பல்லை விட்டு வைப்பதா எடுப்பதா என்பதை ஆட்டம் தீர்மானிக்கும். உறுதியாக இருந்தால் விட்டுவிடலாம். விரல் பட்டதும் எல்லாப் பக்கமும் சாய்கிற பல் என்றால், கழன்று மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம் இருப்பதால் எடுத்துவிடுவோம். அப்படி எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போட்டார்களா? பச்சிளம் குழந்தையின் உடலில் ரத்தம் உறைவதற்கான இந்த வைட்டமின் குறைவு. மருத்துவமனைப் பிரசவங்களில் இதை வழக்கமாகத் தொடையில் போட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். போட்டது உறுதியாகத் தெரியவில்லை, குழந்தைக்குப் பத்து நாளும் ஆகவில்லை என்றால், மருத்துவர் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் பல்லில் கை வைப்பார்.

நாக்கின் அடியில், பல் உரசும் இடத்தில் வெள்ளை விளிம்போடு புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிகா–ஃபீடே புண் என்பார்கள். அது வலிப்பதால்தான் பல குழந்தைகள் பால் குடிக்க மறுக்கின்றன. புண் கெட்டியாகத் தடித்துக் கட்டி மாதிரியே தெரியலாம். பல்லின் விளிம்பை மழுக்கிவிட்டாலோ, மேலே பல் நிறப் பசையால் உருண்டையாக மூடிவிட்டாலோ புண் ஆறிவிடும். பல்லை எடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

ஒரு விஷயம், எடுத்தவர்களுக்கு மட்டும். பல்லை எடுத்த இடத்தில் சில வாரம் கழித்து மறுபடியும் சிவப்பாகவோ கெட்டியாகவோ ஏதோ முளைத்து வந்தால் பயப்பட வேண்டாம். பல்லை உருவாக்கும் திசு அடியில் கொஞ்சம் தங்கியிருந்தால் அது தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். எடுத்த மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள்.

பிறக்கும்போதே ஈறிலிருந்து தொங்கும் இளஞ்சிவப்புக் கட்டி

பெற்றோரை உலுக்கிவிடுவது இதுதான். பிரசவ அறையிலேயே தெரிந்துவிடும். மேல்தாடையின் முன்பக்கம், நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கோரைப்பல் வர வேண்டிய இடத்தை ஒட்டி, வழுவழுப்பான இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று காம்போடு தொங்கும். சில மில்லிமீட்டரும் இருக்கலாம், சில சென்டிமீட்டரும் இருக்கலாம். பெரிதாக இருந்தால் வாயை மூட முடியாது, உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாக்கோ அம்மாவின் மார்புக் காம்போ உரசுவதால் சில இடத்தில் மேற்பரப்பு புண்ணாகியிருக்கும்.

இதன் பெயர் கன்ஜெனிட்டல் எபுலிஸ், பிறவி ஈறுக்கட்டி. நியூமன் கட்டி என்றும் சொல்வார்கள். கோனிக்ஸ்பெர்க் நகரின் நோயியல் மருத்துவர் ஃபிரான்ஸ் எர்ன்ஸ்ட் கிறிஸ்டியன் நியூமன் 1871-இல் முதன்முதலில் இதை விவரித்தார். ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்று 1868-இல் சொன்னவரும் இவரே.

இந்தக் கட்டி ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு எட்டு முதல் பத்து மடங்கு அதிகமாக வருகிறது. கீழ்த்தாடையைவிட மேல்தாடையில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். பத்தில் ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும், ஆகவே ஒரு பெரிய கட்டியைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களைப் பார்க்காமல் விடக்கூடாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாத ஸ்கேனில் சில சமயம் இது தெரிந்துவிடுகிறது. பெரிய கட்டியால் குழந்தை பனிக்குட நீரை விழுங்க முடியாமல் போய், நீர் அதிகமாக இருப்பதும் அதே ஸ்கேனில் தெரியலாம். அப்படித் தெரிந்தவர்கள் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள இடத்திலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குறை ஒன்றும் அம்மாவின் சாப்பாட்டால் வந்ததில்லை, கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததும் இல்லை. இதை அம்மாவிடம் மட்டும் இல்லாமல், சுற்றியிருக்கும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் வழக்கம் எனக்கு உண்டு.

நல்ல செய்தி நிறையவே இருக்கிறது. பிறந்த பிறகு இது வளர்வதில்லை. வேறு எங்கும் பரவுவதில்லை. புற்றுநோயாக மாறுவதில்லை. எலும்பை அரிப்பதில்லை. எடுத்த பிறகு திரும்ப வருவதும் இல்லை, கொஞ்சம் மிச்சம் விட்டு எடுத்திருந்தால்கூட. ஆகவே அறுவை சிகிச்சை நிபுணர் கட்டியைச் சுற்றி அகலமாக வெட்ட வேண்டிய தேவை இல்லை. காம்பின் அடியோடு எடுத்துவிட்டுக் கீழே இருக்கும் பல் முளைகளைத் தொடாமல் விடுவதே சரியான சிகிச்சை. பெரியவர்களுக்கு நாக்கில் வரும் குறுமணிச் செல் கட்டி நுண்ணோக்கியில் இதைப் போலவே தெரியும். ஆனால் எஸ்-100 என்ற சாயப் பரிசோதனையில் அது நிறம் பிடிக்கும், பிறவி ஈறுக்கட்டி பிடிக்காது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது இதையெல்லாம் உறுதிசெய்யத்தான். "பயாப்ஸி" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. உடலிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியையும் அனுப்ப வேண்டியதுதான் முறை.

எல்லாக் கட்டியையும் எடுத்தே ஆக வேண்டுமா? வேண்டாம். சிறியதாக இருந்து, குழந்தை மார்புக் காம்பை நன்றாகப் பிடித்துப் பால் குடித்து, எடையும் கூடுகிறது என்றால் காத்திருக்கலாம். சில மாதங்களில் தானாகச் சுருங்கி மறைந்த கட்டிகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது என்று பொருள் இல்லை: மாதம் ஒரு தடவை காட்டி, எடையும் போட்டோவும் ஒப்பிட வேண்டும்.

எடுக்க வேண்டும் என்று முடிவானால், அதுவரை குழந்தைக்குப் பால் எப்படிப் போகப்போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. இங்கே நம் வீட்டுப் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், கைகொடுக்கிறது. தமிழ்நாட்டின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் உறிஞ்ச முடியாத குழந்தைகளுக்கு இன்றும் பாலாடையால்தான் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலைக் கையால் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தலை உயர்த்திய நிலையில் மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கட்டி இல்லாத பக்கத்து வாயோரத்தில் வைத்துச் சாயுங்கள். ஊற்ற வேண்டாம், உதட்டில் பால் பட்டால் குழந்தையே சப்பும். ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. புரையேறினால் உடனே நிறுத்திவிட்டுச் செவிலியரைக் கூப்பிடுங்கள். முதல் சில தடவை அவர் பக்கத்தில் இருக்கும்போது பழகிக்கொள்வது நல்லது. பாலாடையை ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும். இதுவும் முடியாத அளவுக்குக் கட்டி பெரிதாக இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்துப் பால் கொடுப்பார்கள். இந்தச் சில நாள் அம்மா பால் பீய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் அறுவைக்கு அப்புறம் சுரப்பு குறையாமல் இருக்கும். கட்டி எடுத்தும் பால் வற்றிப்போயிருந்தால் பாதி வெற்றிதான்.

கட்டியின் காம்பை நூலாலோ தலைமுடியாலோ கட்டி விழவைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். காம்புக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. ரத்தம் கசிந்தாலும், அறுந்த துண்டு தொண்டையில் போனாலும், வீட்டில் சமாளிக்க முடியாது. வேண்டவே வேண்டாம்.

அறுவை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கும். காம்பு மெல்லியதாக இருந்தால் உணர்விழப்பு ஊசி மட்டும் போட்டு எடுப்பதும் உண்டு. முழு மயக்கம் என்றால், பொதுவாகத் தாய்ப்பால் கொடுத்து 4 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும் வேலை சிறியது. சிக்கல் இல்லாவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ குழந்தை நேராக மார்பில் பால் குடிக்கும். காயம் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். அதன் மேல் வெளிறிய படலம் தெரிந்தால் அது சீழ் இல்லை, வாய்க்குள் ஆறும் புண் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பிடுங்க வேண்டாம். அந்த இடத்துப் பால்பற்கள் பொதுவாகச் சரியான நேரத்தில் முளைக்கின்றன.

ஆறு மாதத்துக்கு மேல், ஈறில் நீலக் கொப்புளம்

பல் முளைக்கப்போகும் இடத்தில் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ, உள்ளே நீர் கட்டிய மாதிரி மெத்தென்று புடைத்திருந்தால், அது பெரும்பாலும் எரப்ஷன் சிஸ்ட். வெளியே வரும் பல்லைச் சுற்றித் திரவம் சேர்கிறது. அதில் ரத்தமும் கலந்துவிட்டால் நிறம் இன்னும் கருக்கும். பார்க்கத்தான் பயமாக இருக்கும். சில வாரத்தில் பல்லே அதைத் திறந்துகொண்டு வந்துவிடும். வெட்டிவிட வேண்டிய தேவை வருவது அபூர்வம்: சீழ் பிடித்தாலோ, வலியால் குழந்தை சாப்பிடாமல் போனாலோ மட்டும்.

குளிர்ந்த, சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். மருந்துக் கடையில் கேட்டால் தரும் மரத்துப்போகும் ஜெல்களை வாங்க வேண்டாம். பென்சோகைன் உள்ளவை ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே கெடுக்கக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் கடுமையாக எச்சரித்தது. லிக்னோகைன் கரைசலைப் பல் முளைக்கும் குழந்தைக்குத் தடவக் கூடாது என்று 2014-லேயே சொல்லிவிட்டது. விழுங்கினால் வலிப்பும் இதயப் பாதிப்பும் வரலாம். சாலிசிலேட் கலந்த வாய் ஜெல்களை 16 வயதுக்குட்பட்ட யாருக்கும் தரக் கூடாது என்று பிரிட்டன் 2009-இல் அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் வாய்ப்புண்ணுக்கென்று தரும் பல ஜெல்களில் இதுவும் லிக்னோகைனும் சேர்ந்தே இருக்கின்றன. டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

சில மாதக் குழந்தை, மேல்தாடை முன்பக்கம், வாரா வாரம் பெரிதாகும் கருநீலக் கட்டி

இங்கே காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன நீலக் கொப்புளம் மாதிரியே நிறம் இருக்கலாம். வேறுபாடு மூன்று: பல் முளைக்கும் வயதுக்கு முன்பே வருகிறது, தொட்டால் நீர் கட்டியதாக இல்லாமல் கெட்டியாக இருக்கிறது, வேகமாக வளர்கிறது. மேல் உதட்டையே தூக்கிக்கொண்டு வரும். உள்ளிருக்கும் பல் இடம் பெயர்ந்து வெளியே தெரியவும் கூடும்.

மெலனோடிக் நியூரோஎக்டோடெர்மல் கட்டி என்பது இதன் பெயர். நிறமிச் செல்கள் உள்ளதால் கருப்பாகத் தெரிகிறது. 1918-இல் குரோம்பெஷர் என்ற ஹங்கேரி நோயியல் மருத்துவர் முதலில் விவரித்தார். மிக அரிதானது, அநேகமாக ஒரு வயதுக்குள் வருவது. பெரும்பாலும் தீங்கில்லாத கட்டி என்ற வகையில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் எலும்பை அரித்துக்கொண்டு வளரும், எடுத்த பிறகு திரும்பவும் வரக்கூடும், மிகச் சிலருக்குப் புற்றாகவும் மாறியிருக்கிறது. சிடி ஸ்கேன் எடுத்து, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்து, ஓரத்தில் நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பார்கள். அதன் பிறகு சில வருடம் கண்காணிப்பு தொடரும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு தாடை எலும்பும் பல்லும் மிஞ்சும். இரண்டு போட்டோக்களுக்கு இடையே கட்டி கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர்ந்திருந்தால், அந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, முக அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள வேறு பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

செக்கச்செவேல் என்று, அழுத்தினால் வெளிறி, விட்டால் மறுபடி நிரம்பி, பிறந்த சில வாரத்துக்கு அப்புறம் வளரத் தொடங்கினால் ரத்தக் குழாய்க் கட்டி, அதாவது ஹெமாஞ்சியோமாவாக இருக்கலாம். பல குழந்தைகளுக்கு இது ஒரு வயதுக்கு மேல் தானாகவே சுருங்கும். பால் குடிக்க இடைஞ்சலாக இருந்தாலோ புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ புரோப்ரனலால் மருந்து தருவார்கள். மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைத் தொடங்க வேண்டும், பால் கொடுக்காமல் வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும்.

நாக்கின் அடியில் நீல நிறத்தில் குமிழ் மாதிரி இருந்தால் ஈறுக்குச் சம்பந்தமில்லை, உமிழ்நீர்ச் சுரப்பி அடைப்பு. நாக்கைத் தூக்கிவிடும் அளவுக்குப் பெரிதானால் உடனே காட்ட வேண்டும்.

ஈறு சிவந்து, வீங்கி, சூடாக, காய்ச்சலோடு இருந்தால் அது தொற்று. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே, காரணம் எதுவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனை. ஈறு புண்ணாகிப் பால்பற்கள் ஒரு காரணமும் இல்லாமல் ஆடி விழுவதும், தலையிலும் காதுக்குப் பின்னும் ஆறாத பொரி பொரியான தடிப்பு இருப்பதும் சேர்ந்து வந்தால், வெறும் வாய்ப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் லாங்கர்ஹான்ஸ் செல் நோய்க்கான பரிசோதனை வேண்டும்.

யாரிடம், என்ன எடுத்துக்கொண்டு போவது

முதலில் குழந்தை மருத்துவர். அவர் அனுப்பினால் குழந்தைகள் பல் மருத்துவர் அல்லது குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். தெருமுனைப் பல் கிளினிக்கில் பச்சிளம் குழந்தைக்கு அறுவை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டாம், மயக்க வசதியும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள இடமே சரி. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளை அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பி இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் அனுப்புச் சீட்டுக்கு வழி சொல்வார்.

டிஸ்சார்ஜ் சீட்டு, வைட்டமின் கே போட்ட விவரம், கர்ப்பகால ஸ்கேன் அறிக்கைகள், தேதியுள்ள போட்டோக்கள், எடைக் குறிப்பு இவற்றை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டியின் மேல் எதையாவது தடவியிருந்தாலோ குத்தியிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். யாரையும் திட்டுவதற்காகக் கேட்பதில்லை, புண் கட்டியால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரிந்தால்தான் அடுத்த முடிவு எடுக்க முடியும். கிளம்பும் முன் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுங்கள். ஆனால் அன்றைக்கே அறுவை இருக்கலாம் என்று சொல்லியிருந்தால், எத்தனை மணிக்குமேல் கொடுக்கக் கூடாது என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுங்கள்.